மூன்றாம் தேதியோடு முடிந்த மே மாதம்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளமும் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தன. குளத்தின்மேல் எல்லோருக்கும் பிரியம். முள்ளம்பன்றி நான்தான்.

கோடையில் குளம் வற்றத் தொடங்கியதும் தண்ணீருக்கு அடிதடி வந்தது. சிங்கராஜா ஒரு சட்டம் போட்டார். ஒரு மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக எந்தக் கூட்டத்திலிருந்து அதிகம் பேர் குளத்துக்கு வருகிறார்களோ, அடுத்த மாதம் குளம் அந்தக் கூட்டத்துக்கே. மற்றவர்கள் இரண்டு மலை தாண்டி ஓடைக்குப் போக வேண்டும்.

கரையில் நிற்கும் கொக்கு, வருகிறவர்களை எண்ணிக் கம்ப்யூட்டரில் பதியும். அதை வைத்துச் சராசரி போட்டுக் குகைச் சுவரில் பெரிய திரையில் காட்டுவது என் வேலை. நேர்முகத் தேர்வில் அந்தத் திரையின் பெயரான 'டாஷ்போர்டு' என்ற சொல்லைத் தடுமாறாமல் சொன்னது நான் மட்டும்தான் என்பதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

சராசரி போட, மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். வருடம் முழுவதற்கும் தேதி அட்டவணை எழுதி வைப்பதுதான் முறை. எனக்குச் சோம்பல். அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். 'ஒரு கூட்டம் கடைசியாக எந்தத் தேதியில் வந்ததோ, அதுவே அதற்கு மாதக் கடைசி' என்று ஒரே வரியில் ஃபார்முலா எழுதினேன். ஏப்ரலில் எல்லாக் கூட்டமும் முப்பதாம் தேதி வரை வந்தன. கணக்குச் சரியாக இருந்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன். முள் குத்தியது.

மே மாதம் நாற்பது காட்டுப்பன்றிகள் முதல் மூன்று நாள் குளத்துக்கு வந்தன. பிறகு சோளக்காட்டுப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டன. மான்கள் முப்பத்தைந்து. ஒருநாள் தவறாமல் வந்தன.

ஜூன் முதல் தேதி திரையில் காட்டுப்பன்றிகள் முதலிடம். சோளம் தீர்ந்து திரும்பியிருந்த பன்றிகள் மான்களைக் கரையிலிருந்து விரட்டின. செங்கமலம் என்ற மான் தன் குட்டியோடு என் வளைக்கு வந்தாள்.

"அண்ணே, பன்றிங்க மூணு நாள்தானே வந்தாங்க?"

"ஆமா. ஆனா சராசரி நாற்பது. நீங்க முப்பத்தஞ்சுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்களுக்கு மே மாசம் என்னிக்கு முடிஞ்சுது?"

கணக்கைத் திறந்து பார்த்தேன். "மூணாம் தேதி."

"எங்களுக்கு?"

"முப்பத்தொண்ணு."

பன்றிகளின் கூட்டுத்தொகையை முப்பத்தொன்றால் வகுக்காமல் மூன்றால் வகுத்திருந்தது என் ஃபார்முலா. குட்டி என் வாசலில் இருந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. கணக்கு வேலையில் ஐந்து வருடம் கழித்த எனக்குத் தெரியாதது அவளுக்கு மூன்று கேள்வியில் தெரிந்துவிட்டது. என் முட்களெல்லாம் படுத்துவிட்டன.

மறுநாள் குகைக்குப் போனேன். "மகாராஜா, மாதக் கடைசித் தேதி தப்பாகிவிட்டது."

"நேற்றுத்தான் பக்கத்துக் காட்டுப் புலியைக் கூப்பிட்டு அந்தத் திரையைக் காட்டினேன்," என்றார் ராஜா. "தப்பு யாருடையது? மாதத்துடையதா, என்னுடையதா?"

'என்னுடையது' என்று சொல்லத்தான் போயிருந்தேன். ராஜா கொட்டாவி விட்டார். பற்களை எண்ணிப் பார்த்தேன். அந்த வருடம் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

"மாதத்துடையது, மகாராஜா."

"அப்படியானால் மாதத்தைத் திருத்து."

மூன்றாம் தேதி காலையில் பறை அறைந்தார்கள். இனி இந்தக் காட்டில் எல்லா மாதமும் மூன்றாம் தேதியோடு முடியும்.

நான்காம் தேதி செங்கமலம் குட்டியோடு குளத்துக்கு வந்தாள். பன்றித் தலைவன் மறித்தான்.

"ஜூன் மாசம் முழுக்க எங்களுக்குத்தான்."

"ஜூன்தான் நேத்தே முடிஞ்சு போச்சே," என்றாள் அவள்.

பன்றி, கரையில் கொக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தது. நான் கொக்கின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஜூன் முடிந்திருந்தது. ஜூலை பிறக்கவில்லை. நான்காம் தேதி எந்த மாதத்திலும் இல்லை. மாதம் இல்லாத நாளில் யாருக்கும் தனி உரிமையும் இல்லை.

"அவள் சொல்வது சரிதான்," என்றேன். பன்றி முணுமுணுத்துக்கொண்டே விலகியது. குட்டி வயிறு உப்பும்வரை குடித்தது. மீதி இருபத்தேழு நாளும் எல்லோரும் சண்டையில்லாமல் குடித்தார்கள்.

அடிதடி நின்றதில் மகிழ்ந்த ராஜா என்னைத் தலைமை ஆய்வாளர் ஆக்கினார். மான்கள் மாலை கொண்டுவந்தன.

"எங்களுக்காகத் திட்டம் போட்டுத்தானே இப்படிச் செஞ்சீங்க, அண்ணே?" என்று செங்கமலம் கேட்டாள்.

அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீதி: செய்த தப்பைத் திருத்த அவசரப்படாதீர்கள், அது சட்டமாகும்வரை காத்திருந்தால், அதற்குத் தொலைநோக்கு என்று பெயர் வைப்பார்கள்.