மாமல்லபுரம் பொதுச்சங்கம்

சேசு மரி சூசை

செங்கல்பட்டு,
15-9-1973, சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மைத்துனர் ஏசுபாதம் அவர்களுக்கு, ரயில்வே கூட்ஸ் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற சவரிராயன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை ஞானம்மாளும் மகள் பிரபாவதியும் தேவ கிருபையால் சுகம். என் சுகத்தில் மட்டும் கொஞ்சம் குறை. அச்சரப்பாக்கத்தில் உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர நினைத்தேன். வலி இருக்கும்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ரிடையர் ஆன அன்று நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த தடிமனான திருச்சபை வரலாறுதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஜூலையில் படாளத்திலிருந்து ஞானசிகாமணி வாத்தியார் தன் மகனுக்குப் பிரபாவைப் பெண் கேட்டு வந்தார். பையன் எட்வின், கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன், தங்கமான பிள்ளை. பிரபாவுக்கு இருபத்தேழு முடிகிறது, அவளுக்கும் பிடித்துப்போயிற்று. ஒரே இடைஞ்சல், அவர்கள் சி.எஸ்.ஐ., நாம் கத்தோலிக்கர். கல்யாணம் எந்தக் கோயிலில் என்று பேசி முடிக்க வேண்டும். பஜ்ஜி வந்துகொண்டிருந்த நேரம் வாத்தியார், “எங்க சபையில பைபிளுக்கு மேல ஆள் கிடையாது சார், பாப்பரசரும் மனுஷன்தானே” என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தகத்தை எடுத்து வந்தேன். உலகத் திருச்சபை முழுதும் கூடிய கல்செதோன் பொதுச்சங்கத்தில் சிங்கராயர் பாப்பரசரின் கடிதத்தை வாசித்ததும் ஐந்நூறு ஆயர்கள், முதல் பாப்பரசரான இராயப்பரே இவர் வாயால் பேசிவிட்டார் என்று ஆர்ப்பரித்ததை விரல் வைத்துக் காட்டினேன். அவர் நிதானமாக பஜ்ஜியை மென்று, “அதே சங்கத்துல இருபத்தெட்டாவது சட்டம், கொன்ஸ்தாந்தினோபிள் ஆயருக்கும் ரோமாபுரிக்குச் சமமான மரியாதைன்னு போட்டாங்களே, அதப் படிச்சீங்களா?” என்றார். என் புத்தகத்தில் இருபத்தேழு வரைதான் இருந்தது. அதற்கப்புறம் கரையான். அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று சத்தியம் செய்தேன். மறுநாள் பங்குச் சாமியாரின் புத்தகத்தைப் பார்த்தால், இருக்கிறது. ரோமாபுரி அதை ஏற்கவில்லை என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது; அந்த ஒரு வரியைக் கரையான் விட்டுவைத்திருந்தால் கல்யாணம் அன்றைக்கே நிச்சயமாகியிருக்கும். பிறகு நிசேயாவுக்கு வந்தோம். “முதல் பொதுச்சங்கத்துக்கு உங்க பாப்பரசர் வரவே இல்லையே” என்றார். வயோதிகம், அதனால் சில்வெஸ்தர் பாப்பரசர் இரண்டு குருக்களை அனுப்பினார், நம்மால் போக முடியாத கல்யாணத்துக்குத் தம்பியை அனுப்புவதில்லையா என்றேன். ஞானம்மாள் உள்ளேயிருந்து “காப்பி ஆறுது” என்றாள். காப்பி ஆறியது. தேதி குறிக்காமலே எழுந்து போனார்கள். பிரபா தட்டுகளை எடுத்தாள், முகத்தைக் காட்டவில்லை.

மரம் எடுக்க நம் கூட்ஸ் ஷெட்டுக்கு வருவாரே நூர்முகமது பாய், அவர்தான், மாமல்லபுரத்தில் தன் வீட்டில் இரண்டு தரப்பையும் உட்கார வைக்கிறேன் என்றார். ஒரு முஸ்லிம் தலைமையில் இந்தக் காரியமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொன்ஸ்தாந்தீன் சக்கரவர்த்தி நிசேயாவைக் கூட்டியபோது அவருக்கும் ஞானஸ்நானம் ஆகியிருக்கவில்லை என்று படித்ததும் சம்மதித்தேன். ஆகஸ்டு பத்தொன்பது, பதினொரு மணிக்குக் கூட்டம். திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் பஞ்சர், ஸ்டெப்னியும் பஞ்சர், போய்ச் சேர இரண்டு ஆயிற்று. அதற்குள் அவர்கள் பிரியாணி சாப்பிட்டு, கல்யாணம் தங்கள் கோயிலில்தான் என்று தீர்மானமும் போட்டுவிட்டார்கள். எபேசு பொதுச்சங்கத்தில் இதேதான் நடந்தது, மச்சான். அந்தியோக்கியா ஆயர் அருளப்பர் வந்து சேரத் தாமதம், தலைமை வகித்த ஆயர் சிரில் காத்திருக்காமல் சங்கத்தைத் தொடங்கித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? தனியாகச் சங்கம் கூட்டிச் சிரிலையே பதவி நீக்கினார். நானும் ஞானம்மாளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை மணலில் உட்கார்ந்து, ஞானசிகாமணியைச் சம்பந்தி பதவியிலிருந்து நீக்கித் தீர்மானம் எழுதினேன். ஞானம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஏகமனதாக என்று போட்டேன். திரும்பி வந்தால் அவர் என்னை நீக்கியிருந்தார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, “இன்னா சாரே பேஜாரு இது. பொண்ணுக்கு வயசு ஆய்கினே கீது, நீங்க ரெண்டு பேரும் செத்துப்போன ராஜா வூட்டு சண்டைய பேசிகினு கீறீங்க” என்றார். அப்போதுதான் நான் வாயை விட்டேன்: உங்கள் கோயிலில் கல்யாணம் என்றால் நான் வரமாட்டேன், சில்வெஸ்தர் பாப்பரசரைப் போல இரண்டு பேரை அனுப்புவேன். எட்வின் கேட்டுக்கொண்டிருந்தான். பிரபாவிடம் போய்ச் சொல்லியிருப்பான். இந்த அமளியில் ஞானம்மாளும் வாத்தியார் மனைவி சம்பூர்ணமும் சங்கு மாலை வாங்கப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். ஒரு மாலைக்கு இவ்வளவு நேரமா என்றேன். “பேரம்” என்றாள்.

மாதம் ஒன்றாகிறது. வீட்டில் சமையல் நடக்கிறது, பேச்சு நடப்பதில்லை. பிரபா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து “சாப்பிட்டீங்களாப்பா” என்பதோடு சரி. தையல்காரர் ஞானம்மாளைத் தேடி இரண்டு தரம் வந்தார், ஏதோ ஜன்னல் திரையாம். பங்குச் சாமியாரிடம் முறையிடலாமென்றால் என்னைக் கண்டாலே சிரிக்கிறார். பூசை முடிவில் அவர் கால் மணி நேரம் அறிவிப்புப் படிப்பார். அப்போது மூக்குப்பொடி போட வெளியே போவது என் முப்பது வருஷப் பழக்கம், அதை மனதில் வைத்திருக்கிறாரோ என்னவோ. சார்திக்கா சங்கத்துச் சட்டப்படி, பதவி நீக்கப்பட்ட ஆயர் ரோமாபுரிக்கு அப்பீல் போகலாம். எனக்கு ரோமாபுரி நீங்கள்தான். உங்கள் வார்த்தையை ஞானம்மாள் தட்டமாட்டாள். உடனே புறப்பட்டு வந்து, கல்யாணம் நம் கோயிலில்தான் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் சார்பில் போகும் இரண்டு பேரில் ஒருவராகவாவது இருக்க வேண்டும். என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை இன்னொருத்தர் வந்து சொல்லி நான் கேட்க வேண்டுமா என்று நினைத்தால் அழுகை வருகிறது மச்சான். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல் இருக்கிறதே.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மோட்சத்திலிருக்கும் சகல அர்ச்சியசிஷ்டவர்களும் உங்கள் மூட்டுகளைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
பதவி நீக்கப்பட்ட சம்பந்தி
ம. சவரிராயன்

பி.கு.: இன்று ஞாயிறு. இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் பொடி மட்டை காலியாகிவிட்டது, கடையும் திறக்கவில்லை. ஆகவே அறிவிப்பு முடியும்வரை கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். சவரிராயன் மகள் பிரபாவதிக்கும் படாளம் ஞானசிகாமணி மகன் எட்வினுக்கும் ஆயர் அனுமதியோடு வருகிற இருபத்தாறாம் தேதி மாப்பிள்ளை கோயிலில் கல்யாணம், இது மூன்றாம் கல்யாண ஓலை, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படித்தார். போன இரண்டு ஞாயிறும் முதல் இரண்டு ஓலையைப் படிக்கும்போது நான் வேப்பமரத்தடியில் தும்மிக்கொண்டிருந்திருக்கிறேன். கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து பிரபாவும் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஞானம்மாள், சங்கு மாலைப் பேரம் இதுதான் என்று அச்சடித்த பத்திரிகையைக் காட்டினாள். கீழே, அழைப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அப்பீல் வருவதற்கு முன்பே ரோமாபுரி கையெழுத்துப் போட்டுவிட்டது. வாத்தியாருக்கும் யாரும் சொல்லவில்லையாம், அது ஒன்றுதான் ஆறுதல். பிரபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ரெண்டு பேரை அனுப்பப் போறீங்களாப்பா, நீங்களே வரீங்களா?” நிசேயாவுக்குப் பாப்பரசர் போகாததற்கு வயோதிகம் காரணம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும். நானே போகிறேன்.