பன்றிக்கு விருந்து, கேட்க ஆளில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கிளாரன்ஸ் அவர்களுக்கு, நெவில் எழுதுவது. நானும் உங்கள் அக்கா மோரீனும் நலம். செம்மறிகளும் நலம். காட்டுப்பன்றிகள் எங்கள் எல்லோரையும்விட நலம். அவற்றுக்கு அரசாங்கமே சோறு போடுகிறது. நீங்கள் கவுன்சில் உறுப்பினர் என்பதால் உங்களிடம் முறையிடுகிறேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அரசுக் காடு. பன்றிக்கு வேலி ஏது, காட்டுக்காரர்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும் என்று குழு போட்டார்கள். நானும் ஏமாந்து சேர்ந்தேன். இப்போது என் நிலத்திலேயே நான் சுடக்கூடாதாம், பன்றிகள் மிரண்டுவிடுமாம். போன வருஷம் ஈரம் காயாத ஆட்டுக்குட்டிகளைத் தின்று தீர்த்த பன்றிகள், மாப்பிள்ளை. இந்த வருஷக் குட்டிகளும் போனால் பண்ணையை விற்க வேண்டியதுதான். ஆடுகள் இந்த வாரம் ஈனத் தொடங்கும். இந்த நேரம் பார்த்து வனக்காவலர் டீகன் என்ற பெண் வேலியோரம் பெரிய கம்பிக் கூண்டு வைத்து, கதவை விரியத் திறந்துவிட்டு, தினமும் மக்காச்சோளம் கொட்டுகிறாள். பன்றிகள் வருகின்றன, தின்கின்றன, போகின்றன. நேரில் போய்க் கேட்டேன்.

"மொதல்ல பயம் தெளியட்டும் நெவில். மொத்தக் கூட்டமும் உள்ள வந்தப்புறம்தான் கதவ மூடணும். இப்பவே மூடுனா மிச்சமெல்லாம் உஷாராயிடும்," என்றாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் டீ, பிஸ்கட் உண்டா?" என்றேன். சிரிக்கிறாள். சிரிக்கிற அதிகாரியை நான் நம்புவதில்லை. பன்றி ஒழிந்தால் இவள் வேலையும் ஒழியும், அதனால்தான் ஊட்டி வளர்க்கிறாள். மோரீனிடம் சொன்னால், "ஒங்களுக்கு ஒங்க நாய் மேலயே சந்தேகம்," என்கிறாள். நாயும் அந்தப் பெண்ணைக் கண்டால் வாலை ஆட்டுகிறது, அதையும் கவனியுங்கள். ஆகவே நேற்று சாயங்காலம் கூண்டுச் சோளம் முழுவதையும் சாட்சிப் பொருளாக அள்ளி வந்து, ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையில் குவித்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்து, கவுன்சிலில் பேசி, அந்தக் கூண்டை அகற்ற வேண்டும்.

உங்கள் பக்கம் மழையும் வீட்டில் சமாதானமும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
விழிப்போடு இருக்கும்
நெவில் காப்கிராஃப்ட்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் கொட்டகையில் சத்தம். கதவைச் சாத்த மறந்திருக்கிறேன். சோளத்தை மோப்பம் பிடித்து, கிழட்டு ஆண்பன்றி வரை மொத்தக் கூட்டமும் உள்ளே. ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு டீகனுக்குப் போன் செய்தேன். வந்து, கூண்டில் அவள் மாட்டியிருந்த கேமரா பிடித்த படங்களோடு ஒப்பிட்டு எண்ணி, "ஒண்ணுகூட வெளிய இல்ல நெவில்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகாரைக் கிழித்துவிட்டு, கூட்டு முயற்சியைப் பாராட்டித் தீர்மானம் போடுங்கள், என் பெயர் முதலில் வரட்டும். ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. சோளம் கொட்டகைக்கு எப்படி வந்தது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.