இன்னும் கொஞ்சம் முன்னாடி

"நாலே முக்கால் மணி நேரமா?"

எதிரே உட்கார்ந்திருந்த ஆறடி மனிதர், ஏசி காற்றிலும் நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். குரல் மட்டும் மைக் வைத்தாற்போல் கணீரென்று இருந்தது.

"லிஸ்பன்லேர்ந்து ஹெல்சிங்கி, மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல சார். ஐரோப்பாவோட இந்த மூலைலேர்ந்து அந்த மூலை," என்றாள் டிக்கெட் போடும் பெண். "நேர் ஃப்ளைட். ஏறினா இறங்க வேண்டியதுதான்."

"அந்த நடுவுல இருக்கிறதுதாம்மா பிரச்சினை."

லிஸ்பனில் இருந்த அந்தத் தமிழ் டிராவல்ஸ் ஆபீஸில் அவளுடைய சோதனைக் காலத்தின் கடைசி நாள் அது. 'இன்னிக்கு வர்ற ஆளை வெறுங்கையோட அனுப்பினா, பின்னாடியே நீயும் போயிடு' என்று காலையில்தான் மேனேஜர் வாழ்த்தியிருந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் பார்வை இங்கேயேதான் இருந்தது. வந்ததோ இந்த ஒரே ஜோடி. மனிதரின் மனைவி பக்கத்து நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருந்தார்.

"அப்ப ரெண்டா வெட்டிடலாம் சார். ஃப்ராங்ஃபர்ட் வரைக்கும் மூணு மணி நேரம். இறங்கி ஒரு காபி. அப்புறம் ரெண்டரை மணி நேரம்."

அவர் முகம் வெளுத்தது. "ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவை இறங்கணுமா? இறங்கறப்பதாம்மா எனக்கு உயிரே போகும்."

ஒன்றாயிருந்த பயத்தை இரண்டாக்கியாயிற்று. அவள் அவசரமாக ரயிலுக்குத் தாவினாள். ரயில், இன்னொரு ரயில், கடைசியில் ஒரு கப்பல். கூட்டிப் பார்த்தால் நாலு நாள்.

"எப்ப சார் அங்க இருக்கணும்?"

"நாளை மறுநாள்."

"எங்க பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார் மனைவி, தலை நிமிராமல். "மூணு மாசமா டிக்கெட் எடுக்கறார்."

சரி, தைரியம் சொல்லிப் பார்ப்போம் என்று அவள் இறங்கினாள். "மேகத்துக்குள்ள போறப்ப லேசா குலுங்கும். அவ்வளவுதான் சார்."

"லேசான்னா எவ்வளவு? எதிர்க்காத்து அடிச்சா? ஓட்டறது யாரு, எத்தனை வருஷ அனுபவம்?"

"டிரைவர் பேரெல்லாம் டிக்கெட்ல வராது சார்."

மனைவிக்குப் புரை ஏறியது.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் எழுந்துவிட்டார். அவள் அவசரமாக சீட் வரைபடத்தைத் திறந்தாள்.

"நேர் ஃப்ளைட்லயே இறக்கைப் பக்கமா சீட் தரேன் சார். ஆட்டம் தெரியாது."

"வேணாம். முன்னாடி குடுங்க."

"அஞ்சாவது வரிசை?"

"இன்னும் முன்னாடி."

"முதல் வரிசை. ஜன்னலோரம்."

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கிடைக்காதா?"

"அதுக்கு முன்னாடி பைலட்தான் சார் உட்கார்ந்திருப்பார்."

அவர் ஏக்கமாகப் பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்தார். "யோசிச்சிட்டு வரேம்மா."

அப்படிச் சொல்லிப் போன யாரும் திரும்பி வந்ததாக அந்த ஆபீஸின் சரித்திரத்தில் இல்லை. மேனேஜரின் ஷூ சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மனைவி பேனாவை மூடினார். கணவரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"நேர் ஃப்ளைட்லயே ரெண்டு சீட் போடும்மா. பதினெட்டு வருஷமா அந்த ரூட்ல பிளேன் ஓட்டறதே இவர்தான். அடுத்தவங்க ஓட்டினா பின்னாடி உட்கார பயம், அது இவர் ஆபீஸ்ல தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட வந்திருக்கோம்."