தகுந்த உயரம்

"தகுந்த உயரம்" என்றால் எவ்வளவு உயரம்? எங்கள் ஊர் நோட்புர்கா அன்று என்னிடம் கேட்ட கேள்வி இது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாட்டுக்கும் உணவுச் சுத்தத்துக்கு ஒரே சட்டம்தான். ஆனால் அதை வாசிக்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. சட்டம் குனியச் சொன்னால் தரையில் படுத்துவிடும் இனம். பார்த்திருப்பீர்களே? இத்தாலி எல்லையை ஒட்டிய எங்கள் டிரோல் மலையில் அதன் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி, ஆய்வாளர் ஓப்வெக்ஸர். சட்டைப் பையில் அளவு நாடா, அது பொய் சொன்னால் பிடிக்க இன்னொரு நாடா, கையில் கோப்பு, காலணிக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கும் ஓர் உறை.

நோட்புர்கா மலைக்குடிலில் சீஸ் செய்கிறவள். மாடுகள் மேய்ச்சலுக்கு மலையேற நான்கே நாள். ஓப்வெக்ஸர் கையெழுத்துப் போடாவிட்டால் கோடை முழுக்கக் கறக்கும் பால் பன்றிகளுக்குத்தான்.

"சுவர் தகுந்த உயரம் வரைக்கும் வழவழன்னு இருக்கணும், அவ்ளோதான சார் போட்டிருக்கு? கூரை முட்ட டைல்ஸ் ஒட்டியிருக்கேன்."

"அது பிரஸ்ஸல்ஸ்ல சட்டம் எழுதுறவங்க பொதுவா சொன்னதும்மா. நம்ம தகுந்த உயரம் ரெண்டு மீட்டர்."

"மலைக்கு அந்தாண்ட, இத்தாலியில என் தங்கச்சிக்குப் பாதிச் சுவர்தான் டைல்ஸ். அவங்க ஆய்வாளர் வந்தாரு, 'பால் எதுவரைக்கும் தெறிக்கும்?'னு கேட்டாரு, ஒரு துண்டு சீஸ் தின்னாரு, கையெழுத்துப் போட்டாரு."

"அது இத்தாலி" என்றார், ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல.

"என் கூரையே ஒண்ணேமுக்கால் மீட்டர்தான் சார். மிச்சக் கால் மீட்டரை உங்க தலையிலயா ஒட்டுறது?"

ஓப்வெக்ஸர் கோபமாக நிமிர்ந்தார். உத்தரத்தில் இடித்துக்கொண்டார். குனிந்தபடியே கோப்பைப் புரட்டினார். கூரையோடு சுவர் முடிந்துவிடும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் நோட்புர்கா ஏணி வைத்து ஏறி, சுவருக்கு நேராகக் கூரையின் மேல் கால் மீட்டர் உயரத்துக்குக் கல் அடுக்கி டைல்ஸ் ஒட்டினாள். ஓப்வெக்ஸரும் வந்து ஏறினார். இரண்டு நாடாவாலும் அளந்தார். தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது மட்டும், "காக்கா உக்காராம பாத்துக்கோங்க" என்றார்.

சிரிக்காதீர்கள். 'நேரத்தோடு வா' என்று மகளிடம் சொல்லிவிட்டு, எட்டு மணி ஒரு நிமிடத்துக்குக் கடிகாரத்தோடு வாசலில் நின்றது யார்? உங்கள் சட்டைப் பையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

பிறகு, இந்தக் கதையைத் தகுந்தவர்களுக்குச் சொல்லுங்கள். யார் தகுந்தவர் என்று மட்டும் அளக்க வேண்டாம்.