இருபத்து நான்கில் எட்டு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் உலகத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம், சட்டைத் தொழிற்சாலை மேலாளர் பின்னத்தைச் சுருக்கியதுதான்.

தையல் கூடத்தில் பெண்கள் இருபத்து நான்கு பேர், கழிப்பறை எட்டு. இந்தக் கண்றாவியை அவர் எப்படித்தான் இத்தனை காலம் சகித்தாரோ! கூட்டம் போட்டார். பலகையில் எட்டை எழுதி, கோடு கிழித்து, கீழே இருபத்து நான்கை எழுதினார்.

“ரெண்டையும் மிச்சமில்லாம வகுக்கிற பெரிய எண் எது? எட்டு! அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. மேலயும் கீழயும் வகுத்தா, மூணுல ஒண்ணு. மதிப்பு துளிகூட மாறல!”

கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. அன்று மாலையே ஏழு கழிப்பறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

பட்டன் தைப்பவளுக்கு அது ஏழாம் மாதம். மெல்ல எழுந்தாள். “சார், மூணு பேருக்கு ஒண்ணு, சரி. நாங்க இருபத்து நாலு பேரு இருக்கோமே?”

“பலகையப் பாரும்மா,” என்றார் மேலாளர் பரிவோடு. “நீங்க மூணே பேருதான்.”

பக்கத்து மெஷினிலிருந்து அவள் நாத்தனார் குரல் கொடுத்தாள்: “அப்ப மூணு பேரு தைக்கிற சட்டை போதுமா சார்?”

“சட்டை பின்னமில்லம்மா. அது முழு எண்.”

கூட்டம் கைதட்டியது. தட்டியவர்கள் மேற்பார்வையாளர்கள்.

பட்டன் தைப்பவள் இந்தச் ‘சீர்திருத்தத்துக்கு’ முழு ஒத்துழைப்புத் தந்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அண்ணி, உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஒரு மடக்கு குடிங்க.”

“குடிச்சா போகணும். போனா வரிசைல நிக்கணும். அதுவரைக்கும் பட்டன உங்க அண்ணனா வந்து தைப்பாரு?”

“அவரு தைச்சா விரலையும் சேத்துல்ல தைச்சுப்பாரு!”

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்கு அடிவயிறு சுண்டி இழுத்தது.

வாரக் கடைசியில் காய்ச்சல் கொதித்தது. இடுப்பு கழன்றுவிடும்போல வலி. வரிசையோ குழாயடியைத் தாண்டி நின்றது. நாத்தனார் அவளைத் தோளில் தாங்கி மேலாளர் அறைக்கு இழுத்துப் போனாள். அங்கே அவருக்கென்று பளிங்குத் தரையும் பூவாசமுமாக ஒரு கழிப்பறை.

“சார், இத ஒரு தடவ தொறந்து விடுங்க. புள்ளத்தாச்சி. காலைலேருந்து வயித்துல அசைவே தெரியலங்கறாங்க.”

மேலாளர் பதறவில்லை. பெரிய மனிதர்கள் பதறுவதில்லை. ஒரு தாளில் ஒன்று எழுதி, கோடு கிழித்து, கீழேயும் ஒன்று எழுதினார்.

“ஒரு கழிப்பறை, ஒரு ஆளு. எவ்வளவு சுத்தமான பின்னம், பாரு! உங்கள உள்ள விட்டா இது கெட்டுப்போயிடும்மா.”

நாத்தனார்தான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

மேலாளரின் கணக்கில் இன்றுவரை ஒரு பிசகும் கிடையாது. வயிற்றில் இருந்ததை அவர் எண்ணிக்கையில் சேர்த்ததே இல்லை. அதனால் கழிக்க வேண்டிய வேலையும் அவருக்கு வரவில்லை.