ஒரு லொறி மல்ச்சும் என் ஒரேயொரு கோபமும்

எனக்கும் கோபம் வரும். ஆனால் வரவேண்டிய நேரத்தில், வரவேண்டிய ஆளிடம் வராது. வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் வாய்விட்டு ஏசியிருக்கிறேன். உலகத்தில் அந்த ஒருவரைத்தான் ஏசியிருக்கக்கூடாது. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

எல்லாம் குணத்தால் வந்த வினை. குணம் என் மனைவி சறோவின் தம்பி. பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிப் போன பிறகு அவனுக்குத் தோட்டத்தில் ஞானம் பிறந்துவிட்டது. ஒருநாள் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், முன்முற்றத்து அப்பிள் மரத்தைப் பார்த்து, செத்தவீட்டுக்கு வந்தவன்போல் தலையை ஆட்டினான்.

"அத்தான், மண்ணை இப்பிடி வெறும் மேலோடை விடலாமோ? மல்ச் போடோணும். மண்ணுக்கும் ஒரு சட்டை வேணும்."

மல்ச் என்றால் வேறொன்றுமில்லை. மரத்தைச் சுற்றி மண்ணை மூடிப் போடும் மரச்சிராயும் சருகும்தான். ஈரம் காயாது, புல் முளைக்காது, உக்கினால் பசளை. நல்ல விஷயம். கடையில் நாலு பை வாங்குகிறேன் என்றேன்.

"கடைச் சாமான் சாயம் பூசினது அத்தான். மரம் வெட்டுற ஆக்கள் சும்மா கொண்டுவந்து தருவினம். உங்கடை அட்ரஸைக் குடுக்கிறன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (எனக்கு எதற்கும் வேண்டாம் என்று சொல்ல வராது. வீட்டில் மூன்று வக்யூம் கிளீனர் நிற்கிறது.)

லொறி வந்தது ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அன்றைக்கென்று பார்த்து, மகள் அபிராவின் கலியாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வருகிற நாள். பிள்ளைகள் தாங்களே விரும்பிவிட்டார்கள். பெடியனின் தகப்பன்தான் ஒரு மாதமாகப் பிடிகொடுக்கவில்லை. என்னோடு இரண்டு தரம் போனில் கதைத்தவர், நேரில் பார்த்ததில்லை. "அப்பா மரியாதை பாக்கிறவர்" என்று பெடியன் அபிராவிடம் எச்சரித்திருந்தான். அவர் முகம் சுளித்தால் கதை முடிந்தது.

லொறிக்காரன் தலையை வெளியே நீட்டி, எல்லாவற்றையும் இங்கேயே கொட்டலாமா என்று கேட்டான். சிரித்துத் தலையாட்டினேன். இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது என் முப்பது வருடப் பழக்கம். அவன் லொறியின் பின்பெட்டியைச் சாய்த்துத் தூக்கினான். கொட்டினான், கொட்டினான், கொட்டிக்கொண்டே இருந்தான். கார் விடுகிற ட்ரைவ்வே மூடிப்போனது, நடைபாதை போனது, வாசற்படியும் போனது. என் உயரத்துக்கு ஒரு மலை. அதன் உச்சியில் ஆவி வேறு பறந்தது.

சறோ சேலையும் தலைமயிரைச் சுருட்டிய கேர்ளர்ஸுமாக ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ! என்ன இது?"

"மல்ச்."

"எத்தினை மரத்துக்கு?"

"ஒண்டுக்கு."

"அப்பா, ப்ளீஸ்!" அபிரா அழுவாரைப்போல் நின்றாள். "இண்டைக்கு ஒரு நாள், ஜஸ்ட் வன் டே, நோர்மலா இருக்கேலாதோ?"

பக்கக் கேற்றால் கூட்டிவருவோம் என்றேன். "முதல்முதல் தட்டோடை வாற சம்பந்தியைக் குப்பைவாளி நிக்கிற பக்கத்தாலை கூட்டியாறதோ?" என்றாள் சறோ.

குணத்துக்குப் போன் எடுத்தேன். அவனைக் கிழிப்பதற்கு நாலு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

"லக் அத்தான் உங்களுக்கு! நான் மூண்டு மாசமாக் காத்திருக்கிறன், எனக்கு வரேல்லை. சிடார் வாசம் வருதோ?"

"ஓம், வருது. தாங்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாங்ஸ்!

பிறகு பனி அள்ளுகிற சவலையும் ரீசைக்கிளிங் தொட்டியையும் எடுத்து, வாசலைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். அள்ளியதையெல்லாம் அப்பிள் மரத்தடியில் கொட்டினேன். மரம் கழுத்துவரை புதைந்தது. ஒவ்வொரு சவலுக்கும் குணத்துக்கு ஒரு ஏச்சு, உதட்டுக்குள்ளேயே. நாயோடு போன வெள்ளைக்காரி அழகான மல்ச் என்றாள். சிரித்தேன். "அண்ணை, விக்கிறியளோ?" என்று ஒரு தமிழ்ப் பெடியன் காரை நிறுத்திக் கேட்டான். அதற்கும் சிரித்தேன். உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற நிலை.

அப்போதுதான் அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக ஒரு வயதான மனிதர் நடந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, உப்பிடிக் குவிக்கப்படாது. தண்டு அழுகிப்போம். மரத்திலை முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடும்."

பொங்கிவிட்டது.

"உமக்கு இஞ்சை என்ன வேலை?" என்று கத்தினேன். "எல்லாருக்கும் என்ரை மண்ணைப் பற்றித் தெரியும்! என்ரை மரத்தைப் பற்றித் தெரியும்! அள்ளுறதுக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை! மரம் அழுகினால் அழுகட்டும் ஐசே, நீர் வந்த வழியைப் பாத்துப் போம்!"

(என்னைவிட மூத்த மனிதரை 'நீர்' என்றும் 'ஐசே' என்றும் சொன்ன வாய் இது.)

அவர் மரத்தை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். வந்த வழியே போனார். உண்மையைச் சொன்னால், எனக்குச் சுகமாக இருந்தது. மிச்சத்தை அரை மணித்தியாலத்தில் அள்ளினேன். குளிக்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

பதினொன்றேகாலுக்கு மூன்று கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து பட்டு வேட்டியோடு, பழத்தட்டை ஏந்தியபடி இறங்கினார் அந்தத் தொப்பிக்காரர்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். "கும்பிடுங்கோ, கும்பிடுங்கோ" என்று சறோ பின்னால் இடித்தாள். அவர் படியேறி வந்து தட்டை என் கையில் தந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"சம்பந்தி, காலமை நடக்கப் போன இடத்திலை, மூண்டு காருக்குப் பார்க்கிங் இருக்கோ எண்டு பாக்க வந்தனான். வந்த வழியாலை போகச் சொன்னியள். போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

சறோ என்னைப் பார்த்தாள். அபிரா என்னைப் பார்த்தாள். அந்த மலைக்குள் நானே புதைந்திருக்கலாம் என்று பட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"விடுங்கோ" என்றார். "போனிலை நான் என்ன கேட்டாலும் ஓம், ஓம் எண்டியள். எதையோ மறைக்கிறியள் எண்டுதான் ஒரு மாசமா யோசிச்சனான். இண்டைக்குத்தான் நீங்கள் மனதிலை கிடந்ததைச் சொல்லிக் கேட்டன்." பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "நாள் பாக்கச் சொல்லு."

கலியாணம் நடந்தது. இப்போது இரண்டு வீட்டிலும் யாரும் "போட்டு வாறன்" என்று விடைபெறுவதில்லை. "வந்த வழியைப் பாத்துப் போறம்" என்கிறார்கள். மூன்று வயதுப் பேத்திகூட, காரில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை நீட்டிச் சொல்கிறாள். சம்பந்தி எப்போது வந்தாலும் வீட்டுக்குள் வருவதற்கு முதல் அப்பிள் மரத்தடிக்குப் போய், தண்டோடு முட்டிய சிராயைச் சப்பாத்துக் காலால் ஒரு சாண் தள்ளிவிடுகிறார். ஒரு சொல் சொல்வதில்லை. சொன்னாலாவது பரவாயில்லை!

குணமோ தன்னால்தான் அந்தக் கலியாணம் சரிவந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவனுக்கென்று வைத்த நாலு வசனமும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. போன கிழமை போன் எடுத்தான்.

"அத்தான், ஒரு பண்ணையிலை ஆட்டெரு சும்மா குடுக்கினமாம். உங்கடை அட்ரஸைக் குடுக்கட்டோ?"

இந்தமுறை விடுவதில்லை என்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

"ஓம்" என்றேன்.