கம்ப்யூட்டரில் நிமிர்ந்த முதுகு

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, 1994-ல், அடையாறில் ஒரு மாடியறையில், மதுவந்தியின் முதுகெலும்பைக் கம்ப்யூட்டருக்குள் கண்டது. இந்த மூன்றாவதுதான் மகத்தானது என்பதில் அவள் அப்பா ராஜகோபாலனுக்குச் சந்தேகமே இல்லை.

மதுவந்திக்குப் பதின்மூன்று வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் இருபத்தெட்டு டிகிரி வளைந்திருந்தது. ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டர், "இப்பவே முதுகுக்கு பெல்ட் போடுங்க சார். வளர்ற வயசு. விட்டா ஆபரேஷன்ல கொண்டுபோய் நிறுத்தும்" என்றார். ஆனால் அவர் எல்லாவற்றையும் பேனாவால் எழுதுகிற டாக்டர். அவரை எப்படி நம்புவது?

அடையாறு 'முதுகெலும்புக் கணிப்பொறி ஆய்வு மைய'த்திலோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மயிலாப்பூர்க்காரரான ராஜகோபாலனுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. உள்ளே ஏ.சி. குளிரில் மூலவர் மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அருகே இயக்குநர் டாக்டர் வெங்கடரமணன்.

"எக்ஸ்ரேலேர்ந்து ஒவ்வொரு எலும்பா உள்ளே ஏத்துவோம். எங்கே அழுத்தினா எது நிமிரும்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். அப்புறம் பெல்ட் செஞ்சா கச்சிதமா இருக்கும்."

"எத்தனை நாளாகும்?" என்றாள் நீரஜா, மதுவந்தியின் அம்மா.

"பத்து மாசம். கரெண்ட் போகலேன்னா."

"அதுவரைக்கும் சாதா பெல்ட் போட்டுண்டிருக்கட்டுமே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பெல்ட் போட்டா இந்த முதுகு மாறிடும். இது மாறினா உள்ளே இருக்கற முதுகு தப்பாயிடும். குழந்தை அப்படியே இருக்கணும்."

"வளர்ற பொண்ணு டாக்டர்..."

"கூடியவரைக்கும் வளராம பார்த்துக்கோங்கோ."

"முயற்சி பண்றோம் சார்" என்றார் ராஜகோபாலன், பவ்யமாக.

பஸ்ஸில் நீரஜா கிசுகிசுத்தாள். "ஏன்னா, இவர் நெஜமாவே டாக்டர்தானா?"

"உஷ்! கம்ப்யூட்டர் வெச்சிருக்கார்."

தேனாம்பேட்டை ஆபீசில் ராஜகோபாலன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா."

"படிக்கிறாளா சார்?" என்றார் பக்கத்து நாற்காலி தனபாலன்.

"இல்லை. அவ முதுகு."

ஏழாவது மாதம் பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்த டெய்லர் காதர், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீரஜாவைப் பார்த்தார். "இன்னாம்மா இது? போன தபாவுக்கு வலது தோளு ஒரு இஞ்ச் ஏறிக்கீது. புள்ளைய டாக்டராண்ட காட்டும்மா, சும்மா வுடாத."

நீரஜா பதறிக்கொண்டு வந்து சொன்னாள். ராஜகோபாலன் சிரித்தார். "அவர்கிட்ட இருக்கறது வெறும் டேப்பு. அங்கே நாலு மெகாபைட்!"

"அப்பா, உக்காந்து எழுதினா முதுகு வலிக்கறது" என்றாள் மதுவந்தி.

"கம்ப்யூட்டர்ல வலி ஒண்ணும் காட்டலையேம்மா."

பதினோராவது மாதம் (நடுவில் கரெண்ட் போயிருந்தது) வெளியீட்டு விழா. மானிட்டருக்குக் குங்குமம், சாமந்தி மாலை. திரையில் பச்சை நிற முதுகெலும்பு ஒரு நெளி நெளிந்து, மெல்ல நிமிர்ந்து, கொடிக்கம்பமாக நின்றது.

"இருபத்தெட்டிலேர்ந்து மூணு டிகிரி!" என்றார் இயக்குநர். கரகோஷம். ராஜகோபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி பெல்ட் செய்யவேண்டியதுதான் பாக்கி. அதற்காக மதுவந்தியைப் புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள்.

நாற்பத்தேழு டிகிரி.

இயக்குநர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எக்ஸ்ரேதான் தப்பு என்று முடிவுசெய்து மறுபடி எடுக்கச் சொன்னார். நாற்பத்தேழு.

"இனிமே பெல்ட் பிரயோஜனமில்லை. ஆபரேஷன்தான்" என்றார். "ஆனா ஒண்ணு. எங்க கணக்குல அணுவளவு பிசகில்லை."

நீரஜா மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள். பிரிண்டர் 'கர்ர்' என்று நான்கு பக்க அறிக்கையைத் துப்பியது. ஆபீசில் ஒரு கமா தவறினாலும் கடிதத்தைத் திருப்பியனுப்புகிற ராஜகோபாலன், கம்ப்யூட்டரே அடித்துத் தந்ததாயிற்றே என்று, காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோவில் மதுவந்தி அவர்களுக்கான பிரதியை விரித்து நிதானமாகப் படித்தாள்.

"'ஆய்வுக் காலத்தில் நோயாளி முன்னனுமதியின்றி எட்டு சென்டிமீட்டர் வளர்ந்து, கணிப்பொறி மாதிரியுடன் ஒத்துழைக்கத் தவறினார். விளைவுகளுக்கு நோயாளியே பொறுப்பு.'"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"'ஒப்புக்கொள்கிறேன்'னு போட்டு, இது யார் கையெழுத்துப்பா?"